ஸ்ட்ரோக் வந்து ஏழு மாசம் ஆச்சு, ஸ்டெம் செல் ஊசிக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

தறிக்காரர் மகள், குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க நைனாவுக்கு 61 வயசு. நாப்பது வருசத்துக்கு மேல குழித்தறியில லுங்கி நெய்ஞ்சவர். போன ஆடி மாசம் ஒரு நாள் காலையில தறியில உக்காந்திருக்கும்போதே வலது கை நின்னுபோச்சு. "கை மரத்துப் போச்சு, கொஞ்சம் தேய்ச்சு விடு"ன்னுதான் அம்மாகிட்ட சொல்லியிருக்கார். அம்மாவும் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டிருக்காங்க. வாய் கோணினதைப் பாத்த பிறகுதான் எனக்கு போன் வந்துச்சு. வேலூர் போய் ஸ்கேன் எடுக்கறப்ப ஏழு மணி நேரம் ஓடிப்போச்சு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்ங்கறதே எங்களுக்கு அங்கதான் தெரியும். அந்த எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா இன்னிக்கு வரைக்கும் தொடறதில்ல.

இப்ப கோல் பிடிச்சு நடக்கறார். பேச்சு முக்காவாசி வந்துடுச்சு. கைதான் வரல. தோளைத் தூக்குவார், முழங்கை மடங்கும், நீளும். விரல் எல்லாம் உள்பக்கமா மடிஞ்சே கிடக்கு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொஞ்சம் விரியுது. போன வாரம் ஒரு தார்க்குச்சியை, தறியில ஊடைநூல் சுத்தற குச்சி, கொண்டுவந்து அந்தக் கையில வெச்சேன். கெட்டியா பிடிச்சுட்டார். எனக்கு சந்தோசம் தாங்கல. ஆனா திருப்பி விடச் சொன்னா விட முடியல. இடது கையால ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துக் கீழே வெச்சார். வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாக்காம செவுத்தையே பாத்துட்டிருந்தார்.

இந்த நேரத்துலதான் என் வீட்டுக்காரர் வழி சொந்தக்காரங்க ஒருத்தர் ஒரு வீடியோ அனுப்பினாங்க. ஒரு பெரிய ஊர்ல இருக்கற க்ளினிக். நான் போன் பண்ணிப் பேசினேன். இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல ஸ்டெம் செல்லை, அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்லைப் பிரிச்சு, முதுகுத்தண்டுல ஊசியாப் போடுவாங்களாம். மூணு தடவை. ஒரு தடவைக்கு 1 லட்சத்து 60 ஆயிரம், ஆகமொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம். நூத்துக்கு எண்பது பேருக்கு நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க. இந்த மாசத்துக்குள்ள கட்டினா 40 ஆயிரம் தள்ளுபடி. நாள் ஆக ஆக செல் வேலை செய்யாது, சீக்கிரம் வாங்கன்னு தினமும் போன் வருது.

எங்ககிட்ட இருக்கறது ஓட்டு வீடு ஒண்ணுதான். தம்பி ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை செய்யறான், "அடமானம் வெச்சுடலாம்க்கா, நைனா கை வந்தா போதும்"ங்கறான். அம்மா அழறாங்க. நைனா வாயே திறக்கல.

இந்த ஊசி நெஜமாவே வேலை செய்யுமா? யாராவது போட்டுக்கிட்டவங்க இருந்தா உள்ளதைச் சொல்லுங்க. இன்னொண்ணு, இதைக் கேக்கவே கூசுது. வேணாம்னு சொன்னா காசைப் பாத்து அப்பனை விட்டவன்னு ஆயிடுவேனா? ராத்திரி படுத்தா இதுதான் ஓடுது.

ஓய்வுபெற்ற ரயில்வே, காட்பாடி

மகளே, உன் பதிவைப் படித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவிக்கு இதே சிகிச்சை செய்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எந்த இடம் என்று எழுத மாட்டேன்.

அவளுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஐந்தாவது மாதத்தில் கூட்டிப் போனேன். பிராவிடண்ட் ஃபண்டில் மீதி இருந்ததில் மூன்றரை லட்சம் கட்டினேன். 24 நாள் அங்கேயே தங்கினோம், இரண்டு ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு தலையைத் தூக்க முடியாத தலைவலி, இரண்டு நாள் தட்டையாகப் படுத்தே கிடந்தாள். முதுகில் ஊசி போட்டால் சிலருக்கு அப்படி வரும் என்றார்கள்.

ஊசியைத் தவிர அங்கே இன்னொன்றும் நடந்தது. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஒரு நாள் விடாமல் பிசியோதெரபி. 24 நாள் முடிவில் அவள் சீப்பைப் பிடித்துத் தலை வாரினாள். அவர்கள் வீடியோ எடுத்தார்கள். நானும்தான் எடுத்தேன், இப்போதும் என் போனில் இருக்கிறது. ஊருக்கு வந்து எல்லாருக்கும் காட்டினேன். என்னைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் அங்கே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதுதான் இன்று என்னை உறுத்துவது.

வீட்டுக்கு வந்ததும் மகன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். நான் ஒருவன் சமையலும் செய்து, அவளைக் குளிப்பாட்டி, பயிற்சியும் கொடுக்க வேண்டும். முடியவில்லை. நான்கு மணி நேரம் அரை மணி நேரமாகி, அதுவும் நின்றுபோனது. மூன்று மாதத்தில் அந்தக் கை பழையபடி மடங்கிவிட்டது. செல்தான் குணமாக்கியது என்றால், நான் பயிற்சியை நிறுத்தியதும் செல் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமேதான் கேட்டுக்கொண்டேன்.

கையெழுத்து போட்ட தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 34 வருடம் ரயில்வேயில் ஒவ்வொரு சர்க்குலரையும் வரிவரியாகப் படித்தே கையெழுத்து போட்டவன் நான். அன்றைக்குப் படிக்கவில்லை. ஊருக்கு வந்து எடுத்துப் பார்த்தால், இந்த முறை இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது, பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். வாயால் சொன்னது எண்பது சதவீதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை செல் போட்டார்கள் என்ற கணக்குகூட இல்லை.

மஜ்ஜை எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நானும் நிறுத்தினேன். வேலூரில் எங்கள் நியூரோ டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஏழு நாளில் இன்னொரு அடைப்பு வந்திருந்தால்? நீ எதைச் செய்தாலும் மகளே, எக்கோஸ்பிரின் போன்ற மாத்திரையை உங்கள் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே.

ஆம்பூர் பாய்

சகோதரி, காட்பாடி அய்யா சொன்னதை மதிக்கிறேன். ஆனா எங்க வீட்டுல நடந்தது வேற. எங்க அத்தாவுக்கு இழுத்துக்கிட்டு 45-ஆவது நாள் ஊசி போட்டோம். கை நரம்புல ஏத்தினாங்க. 2 லட்சத்து 80 ஆயிரம் ஆச்சு. அப்ப வீல் சேர்ல இருந்தவர், ஆறாவது மாசம் பள்ளிவாசலுக்கு நடந்தே போயிட்டு வந்தார். பணம் போனதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. போடாம விட்டிருந்தா ஆயுசுக்கும் மனசு கேட்டுட்டே இருந்திருக்கும். எல்லாரும் வேணாம்னு பயமுறுத்தறதால எழுதறேன். உங்க மனசு சொல்றபடி செய்யுங்க. துஆ செய்யறேன்.

பாகாயம் பிசியோ

அக்கா, நான் பதினோரு வருசமா ஸ்ட்ரோக் வந்தவங்களோடதான் வேலை செய்யறேன். முதல்ல உங்க பதிவுல ஒரு வரி. தார்க்குச்சியைப் பிடிச்சார், விட முடியல, ரெண்டு விரல் கொஞ்சம் விரியுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் முக்கியம், அதுக்குக் கடைசியில வரேன்.

காட்பாடி அய்யா சொன்னதும் உண்மை, பாய் சொன்னதும் உண்மை. பாய் தப்பா எடுத்துக்கக் கூடாது. ஸ்ட்ரோக்ல தானா திரும்பி வர்றதுல பெரும்பகுதி முதல் மூணு மாசத்துலதான் வரும். அத்தாவுக்கு ஊசி போட்ட 45-ஆவது நாள் அந்த ஏத்தத்தோட நடுவுல விழுது. ஊசி போடாம இருந்திருந்தா நடந்திருப்பாரா மாட்டாரான்னு அவரை மட்டும் வெச்சு நாமளும் சொல்ல முடியாது, க்ளினிக்காரரும் சொல்ல முடியாது. காட்பாடி அய்யா வீட்டு அம்மாவுக்கு ஊசியும் நாலு மணி நேரப் பயிற்சியும் ஒண்ணா நடந்துச்சு, சீப்பைப் பிடிக்க வெச்சது எதுன்னு பிரிக்க முடியல. இதைப் பிரிக்கத்தான் ஆராய்ச்சியில ஒரே மாதிரி நோயாளிங்களை ரெண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் செல் கொடுத்து, யாருக்கு எது கொடுத்தாங்கன்னு தெரியாத ஒருத்தரை விட்டு அளக்கச் சொல்றாங்க.

அப்படி ஒண்ணு நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. டெல்லி எய்ம்ஸ் தலைமையில அஞ்சு ஆஸ்பத்திரி, 120 பேர். அவங்கவங்க மஜ்ஜையில இருந்தே எடுத்த செல், சராசரியா 28 கோடி செல், கை நரம்பு வழியா. ஸ்ட்ரோக் வந்து ஒரு மாசம் தாண்டறதுக்குள்ளயே போட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு யார் தானா சாப்பிடறாங்க, நடக்கறாங்க, துணி மாத்தறாங்கன்னு பாத்தா ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. கெடுதலும் பெருசா இல்ல. 2014-ல வெளியாச்சு. உங்க க்ளினிக் சொல்ற அதே மஜ்ஜை செல்தான் அக்கா, அதுவும் உங்க நைனாவை விட ரொம்ப சீக்கிரமாப் போட்டு.

நீங்க பாத்த மாதிரி வீடியோக்கள் பலதுக்கு மூலம் 2016-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல வந்த செய்தியாத்தான் இருக்கும். ஸ்ட்ரோக் வந்து மாசக்கணக்கு, வருசக்கணக்கு ஆன 18 பேருக்கு மண்டையோட்டுல துளை போட்டு, வேற ஒருத்தர் மஜ்ஜையில இருந்து தயாரிச்ச செல்லை மூளைக்குள்ளயே வெச்சாங்க. சிலருக்கு அசைவு நல்லா திரும்பிச்சு, உலகம் முழுக்கப் பேசினாங்க. ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு அதுல இல்ல. அடுத்த கட்டமா 163 பேரை வெச்சு செஞ்சாங்க. ஒரு பங்கு ஆளுங்களுக்கு மண்டையில மேலாக மட்டும் துளையிட்டு, உள்ள எதுவும் வைக்காம மூடிட்டாங்க. நோயாளிக்கே தனக்கு எதுன்னு தெரியாது. முன்னாடியே வகுத்து வெச்ச அளவுகோல்ல ரெண்டு குழுவும் பிரியலன்னு 2019 ஜனவரியில அந்த ஆய்வை நடத்தின கம்பெனிகளே அறிவிச்சாங்க. அதே செல்லுக்கு 2024-ல ஜப்பான் நிபந்தனையோட அனுமதி கொடுத்திருக்கு, அது விபத்துல மூளையில அடிபட்டவங்களுக்கு. ஸ்ட்ரோக்குக்கு இல்ல. யாராவது "ஜப்பான்ல ஒத்துக்கிட்டாங்க"ன்னு சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அதே ஜப்பான்ல வேற வகை செல்லை ஸ்ட்ரோக் வந்து ஒண்ணரை நாளுக்குள்ள 206 பேர்கிட்ட சோதிச்சாங்க. அதுலயும் தொண்ணூறாவது நாள் வித்தியாசம் தெரியல.

ஆராய்ச்சியே பொய்னு நான் சொல்லல. இன்னும் நடக்குது, நடக்கணும். எனக்கும் ஆசைதான், தினமும் மடங்கின விரலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறவன் நான். ஆனா ஊசியில போன செல் போய் செத்த மூளைப் பகுதியில புது நரம்பா முளைச்சு உக்காந்துக்கும்ங்கறது வீடியோவுல காட்டற படம். ரத்த நரம்புல ஏத்தற செல்லுல பெரும்பகுதி முதல்ல நுரையீரல்லயே தங்கிடுது. அது சுரக்கற சில பொருள் மூளை வீக்கத்தைத் தணிச்சு, மிச்சம் இருக்கற நரம்புகளுக்கு உதவுமாங்கறதுதான் விஞ்ஞானிகளோட நம்பிக்கை. அதனாலதான் நிறைய பேர் முதல் சில நாள்லயே போட்டுப் பாக்கறாங்க. ஏழு மாசம் கழிச்சு முதுகுத்தண்டுல போட்டா கை வரும்னு நிரூபிச்ச பெரிய ஆய்வு இல்ல.

ஆபத்தைப் பத்தியும் ஒண்ணு. ஸ்ட்ரோக் வந்த 66 வயசு அமெரிக்கர் ஒருத்தர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோன்னு போய் முதுகுத்தண்டு நீர்ல ஸ்டெம் செல் போட்டுக்கிட்டார். தண்டுவடத்துல ஒரு கட்டி வளந்து, நல்லா இருந்த காலும் போச்சு. சோதிச்சுப் பாத்தா அந்தக் கட்டியில இருந்த செல் அவரோடதே இல்ல. 2016-ல மருத்துவ இதழ்ல வந்தது இது. அவருக்குப் போட்டது அடுத்தவங்க செல், உங்களுக்குச் சொல்றது சொந்த மஜ்ஜை. அதனால அதே ஆபத்து இதுலயும்னு சொல்ல மாட்டேன். ஆனா போடறது என்ன, எங்க கழுவிப் பிரிச்சாங்க, எத்தனை செல்லுன்னு எழுதிக் கொடுக்காத இடத்துல எது போகுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

சட்ட நிலவரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மத்த ஸ்டெம் செல் எல்லாம் ஆராய்ச்சி. அனுமதி வாங்கின ட்ரையல்லதான் கொடுக்கணும், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. ட்ரையல்னா இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும், 2009-ல இருந்து கட்டாயம். பதிவு எண் சிடிஆர்ஐன்னு ஆரம்பிக்கும். நெட்டுல யார் வேணா தேடிப் பாக்கலாம். அந்த நம்பரைக் கேளுங்க. 4 லட்சத்து 80 ஆயிரம் கேக்கறப்பவே அது ஆராய்ச்சி இல்லன்னு ஆயிடுது. சிகிச்சைன்னு யாரும் ஒத்துக்கவும் இல்ல.

இப்ப தார்க்குச்சிக்கு வரேன். நைனாவோட கையை மேசை விளிம்புல தொங்க விட்டு, மணிக்கட்டைத் தானா மேல தூக்கச் சொல்லிப் பாருங்க. கொஞ்சமாவது தூக்கினார்னா, விரலும் கொஞ்சம் விரிஞ்சதுன்னா, அந்தக் கைக்கு இன்னும் வேலை இருக்கு. நல்ல கையைக் கட்டிப்போட்டு, வராத கையையே வேலை செய்ய வைக்கற பயிற்சி ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல 222 பேர்கிட்ட செஞ்சு 2006-ல வெளியிட்டாங்க. யாரைத் தேடி எடுத்தாங்க தெரியுமா? ஸ்ட்ரோக் வந்து மூணுல இருந்து ஒம்பது மாசம் ஆனவங்களை, கொஞ்சமாவது மணிக்கட்டும் விரலும் அசையறவங்களை. உங்க நைனா ஏழாவது மாசத்துல இருக்கார். ரெண்டு வாரம், முழிச்சிருக்கற நேரத்துல பத்துல ஒம்பது பங்கு நல்ல கைக்கு உறை மாட்டிட்டாங்க. வாரநாள்ல தினமும் ஆறு மணி நேரம் வரைக்கும் பயிற்சி. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தப்பவும் பலன் நின்னுச்சு.

வீட்டுல நீங்களா அப்படியே ஆரம்பிச்சுடாதீங்க. நைனா கோல் பிடிக்கறது இடது கையில, அதைக் கட்டிட்டு நடந்தா விழுந்துடுவார். உக்காந்திருக்கறப்ப மட்டும்தான். நேர்ல ஒருத்தர் பாத்துட்டு அளவு சொல்லணும்.

இன்னிக்கே செய்யக் கூடியது சொல்றேன். ஸ்பாஞ்ச் பந்து வாங்கிக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருப்பாங்க, அதை எடுத்து வெச்சுடுங்க. அவருக்கு மூடற பலம் இருக்கு, தொறக்கறதுதான் இல்ல. தார்க்குச்சி ரொம்ப மெல்லிசு, கை அதைச் சுத்தி இறுகிடும். பெரிய எவர்சில்வர் டம்ளர்ல ஆரம்பிங்க. மணிக்கட்டு மேசையில படிஞ்சிருக்கட்டும். டம்ளரை மேசையில வெச்சுட்டு விடச் சொல்லுங்க. பிடிச்சதை எண்ணாதீங்க, விட்டதை எண்ணுங்க. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. தினம் நூறு தடவைக்கு மேல போகணும், ஒரே மூச்சுல இல்ல, பத்துப் பத்தா. அப்புறம் ஒண்ணு, அவரைத் தூக்கி உக்கார வைக்கறப்ப அக்குள்ல கை கொடுத்தோ, வராத கையைப் பிடிச்சோ இழுக்காதீங்க. தோள் மூட்டு இறங்கிடும், அந்த வலி வந்துட்டா பயிற்சியே நின்னுடும். படுக்கறப்ப அந்தக் கைக்கு அடியில ஒரு தலகாணி.

விரல் இறுக்கம் ரொம்ப இருந்தா அதுக்குன்னு தசையில போடற ஊசி ஒண்ணு இருக்கு. போடாக்ஸ்னு சொல்வாங்க. அது இறுக்கத்தைத் தளத்தும், அவ்வளவுதான், அதோட பயிற்சியும் சேரணும். அதைப் பாத்துச் சொல்லத்தான் மறுவாழ்வு மருத்துவர்னு தனியா இருக்காங்க. வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மறுவாழ்வு நிலையம் 1966-ல இருந்து நடக்குது. ஆரம்பிச்சவங்க டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ அசைவு போன பிறகும், சக்கர நாற்காலியில உக்காந்தே ஆபரேஷன் செஞ்சவங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல மனசு விட்டுப்போறப்ப எல்லாம் அவங்களைத்தான் நெனச்சுக்குவேன். அவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியலன்னா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேர் கொடுங்க. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறதும் அதுல ஒரு பகுதி. தனியா ஒருத்தரை நாளைக்கு 600 ரூபா கொடுத்து வரச் சொன்னாலும் அந்த 4 லட்சத்து 80 ஆயிரத்துல எண்ணூறு நாள் வருவார்.

காசைப் பாத்து விட்டவளான்னு கேட்டீங்க. தார்க்குச்சியைக் கொண்டுபோய் அந்தக் கையில வெச்சதே நீங்கதானே அக்கா.

தறிக்காரர் மகள், குடியாத்தம்

தம்பி, படிச்சுட்டு அழுதுட்டேன். ஒரு சந்தேகம். பாகாயம் பக்கம் போறப்ப ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம்னு போர்டு பாத்த ஞாபகம். க்ளினிக்காரங்களும் "உங்க வேலூர்லயே செய்யறாங்களே மேடம்"னாங்க. அங்க கேட்டா இலவசமா போட மாட்டாங்களா?

பாகாயம் பிசியோ

அந்த மையம் இருக்கறது நெஜம். சிஎம்சியும் மத்திய அரசோட உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேந்து 2005-ல ஆரம்பிச்சது. ஆனா அது ஆராய்ச்சிக்கூடம், ஓபி சீட்டு போட்டு ஊசி போட்டுக்கற இடம் இல்ல. இங்க மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-ல இருந்தே நடக்குது, அது தலசீமியா, ரத்தப் புற்றுநோய் மாதிரி நோய்களுக்கு. 2024 கடைசியில ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு ஜீன் சிகிச்சைன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, அதுவும் இங்கதான். நோயாளியோட ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, அதுல ஜீனைச் சேத்துத் திருப்பிக் கொடுத்தாங்க. எத்தனை பேருக்குத் தெரியுமா? அஞ்சே பேர். அந்த அஞ்சு பேரைப் பத்தி எல்லாத்தையும் அளந்து, எழுதி, உலகம் பாக்க வெளியிட்டாங்க. "வேலூர்லயே செய்யறாங்க"ன்னு அவங்க சொன்னது இதைக் காட்டித்தான் இருக்கும். அதுக்கும் உங்களுக்கு விக்கற ஊசிக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு.

ஆம்பூர் பாய்

தம்பி சொன்ன விளக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன். அத்தாவுக்கு ஊசி போட்ட அப்புறம் நான் ஆறு மாசம் வேலைக்கு லீவு போட்டுட்டு தினம் காலையில மாலையில தெருவுல நடக்க வெச்சேன். அதை நான் எழுதவே இல்ல பாருங்க. ஊசியைத்தான் எழுதினேன். சகோதரி, உங்க தம்பி ஆம்பூர்ல எங்கன்னு தனியாச் சொல்லுங்க. வேணும்னா நான் நேர்ல போய்ப் பேசறேன்.

தறிக்காரர் மகள், குடியாத்தம்

பத்து நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

க்ளினிக்குக்கு போன் பண்ணி சிடிஆர்ஐ நம்பர் கேட்டேன். "மேடம், இது ட்ரையல் இல்ல, ட்ரீட்மெண்ட்"னாங்க. "அப்ப கவர்மெண்ட் இதை ட்ரீட்மெண்டா ஒத்துக்கிட்டிருக்கா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறோம்னு வெச்சாங்க. சாயங்காலம் கூப்பிட்டு, தள்ளுபடி 60 ஆயிரம் வரைக்கும் தரலாம்னாங்க. நான் கேட்டதுக்குப் பதில் வரல. அதோட விட்டுட்டேன்.

என் கூடப்பொறந்த தம்பிக்கு முதல்ல கோவம். பாய் நேர்ல போய்ப் பேசினார், அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஞாயித்துக்கிழமை வந்தவன், வீட்டுப் பத்திரத்தைத் திருப்பி அம்மா பொட்டியில வெச்சுட்டுப் போனான்.

நைனாவுக்கு நீங்க எல்லாரும் எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். நல்லா கேட்டுட்டிருந்தார். காட்பாடி அய்யா எழுதினதை ரெண்டாந்தடவை படிக்கச் சொன்னார். ஊசியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "இந்தக் கைதான் கயித்தை இழுத்து நாடாவை ஓட்டுன கை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இழுத்திருக்கும் தெரியுமா? நூறு தடவை என்னா"ன்னார். ஏழு மாசத்துல அவரா பேசின நீளமான பேச்சு அது.

மணிக்கட்டு தூக்கறார். நிறைய இல்ல, மேசை மட்டத்துக்கு வருது. டம்ளர் பிடிச்சு விடறதை நோட்டுல எழுதறேன். முதல் நாள் 30-க்கு 2. நேத்து 110 தடவை செஞ்சார், 31 தடவை தானா விட்டுச்சு. மூணு தடவை டம்ளர் கீழ விழுந்து உருண்டுச்சு. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாங்க.

தம்பி, பாகாயத்துக்கு எந்தக் கிழமை வந்தா கூட்டம் குறைவு? என்ன என்ன எடுத்துட்டு வரணும்? குடியாத்தத்துல இருந்து நைனாவைப் பஸ்ல கூட்டி வரலாமா?

ஓய்வுபெற்ற ரயில்வே, காட்பாடி

மகளே, ரயிலில் வா. குடியாத்தத்தில் ஸ்டேஷன் ஊருக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது, அதற்கு மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள். காட்பாடியில் நான் வந்து நிற்கிறேன், சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அங்கிருந்து சேர்ந்தே போகலாம். என் மனைவியையும் காட்ட வேண்டும். நேற்று அவள் முன்னால் ஒரு டம்ளர் வைத்தேன்.

பாகாயம் பிசியோ

திங்கக்கிழமை மட்டும் வேணாம், அன்னிக்குக் கூட்டம் தாங்காது. ஸ்கேன் ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்ப சாப்பிடற மாத்திரை எல்லாம் அட்டையோட, பிபி எழுதின நோட்டு இருந்தா அது, டம்ளர் எண்ணின நோட்டு. முழுக்கை சட்டை போட்டுவிடாதீங்க, அரைக்கை போதும், தோளைப் பாக்கணும். காலையில சாப்பிட வெச்சே கூட்டிட்டு வாங்க. அந்தத் தார்க்குச்சியையும் எடுத்துட்டு வாங்க அக்கா.